மெக்லூஃபியின் ஆட்டம் 1958இல் முடியவில்லை
"ரஷீத் மெக்லூஃபி 1958இல் பிரான்ஸை விட்டு ஓடியதோடு அவருடைய கால்பந்து வாழ்க்கை முடிந்தது" என்று அல்ஜீரியக் கால்பந்து வீரரான அவரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போரில் இருந்தது; அவர் ஓடிப்போகவில்லை, ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆண்டு உலகக் கோப்பை நெருங்கிய நேரம். பிரான்ஸ் அணிக்கு ஏற்கெனவே ஆடியவர், அதிலும் பிரெஞ்சு ராணுவ சேவையில் இருந்தவர். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் துனிசியாவின் தலைநகர் துனிஸுக்குப் போய், அல்ஜீரிய விடுதலை இயக்கமான எஃப்எல்என்னின் அணியில் சேர்ந்தார். அந்த அணியை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அங்கீகரிக்கவில்லை; அதனால் அந்த ஆட்டங்கள் பலருக்குக் கணக்கிலேயே வருவதில்லை.

சரி, அப்புறம்? 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் சுவிட்சர்லாந்தின் செர்வெத் கிளப்பில் கொஞ்ச காலம், பிறகு 1958 வரை ஆடிய பிரெஞ்சு கிளப்பான சான்-எத்தியேனுக்கே திரும்பினார். அப்போது அந்த அணி பிரெஞ்சு லீக்கின் இரண்டாம் பிரிவில் கிடந்தது. மேலே ஏறி வந்த கையோடு 1964இல் லீக் பட்டம், பிறகு 1967, 1968. 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியில் போர்தோவை 2-1 என வென்றபோது இரண்டு கோலும் அவருடையதுதான்!

1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா வீழ்த்தியபோது பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தவரும் இவரே.