யார் எழுதினது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

"ஸ்கிப் பண்ணிடுங்க, ஓடும்." நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் சப்போர்ட்காரர்களிடமிருந்து மறுபடியும் இதே பதில். எங்கள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ரெப்ளிகா, அதாவது மாஸ்டர் என்கிற மூல சர்வரில் நடக்கும் மாற்றங்களை அப்படியே நகலெடுக்கும் சர்வர், நின்றுவிட்டது. 1032 பிழை. மாஸ்டரில் மாற்றிய பதிவு ரெப்ளிகாவில் இல்லவே இல்லை. எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டுத்தான் டிக்கெட் போட்டேன். காசு கொடுத்து வாங்கிய சப்போர்ட் இது! நாற்பது நிமிடம் காக்க வைத்துவிட்டு, தாண்டிப் போ என்கிறார்கள்.

மூன்று வாரம் முன்பும் இதே பாடுதான். அன்றைக்கு 1062, டூப்ளிகேட் என்ட்ரி, அதாவது சேர்க்கப்போகும் பதிவு ரெப்ளிகாவில் ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை மாற்றத்தைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிப் கவுண்டரை ஒன்று என்று வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், ஜிடிஐடி (ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் தனி அடையாளம் கொடுக்கும் வசதி) ஆனில் இருக்கும்போது முடியாது என்று சர்வரே மறுத்தது. ஜிடிஐடி ஆன் என்று முதல் மெயிலிலேயே எழுதியிருந்தேன், யாரும் படிக்கவில்லை. அப்புறம் ரெப்ளிகாவின் நிலையைக் காட்டும் ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ் அடித்து அனுப்பு என்றார்கள். எங்களுடையது மைஎஸ்க்யூஎல் 8.4, அதில் அந்தக் கட்டளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் 8.0.22-இலேயே வந்தாயிற்று, இதை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் சிக்கிய மாற்றத்தின் அதே ஜிடிஐடிக்கு, அது முடிந்துவிட்டது போலக் காட்ட, எதுவும் செய்யாத காலி டிரான்சாக்‌ஷன் ஒன்று போடச் சொன்னார்கள். போட்டேன், ஓடியது, லேக் (மாஸ்டருக்குப் பின்தங்கும் நேரம்) பூஜ்யம். உடனே டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

லேக் பூஜ்யம் என்றால் இரண்டு பக்கமும் டேட்டா ஒன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது? வந்து சேர்ந்ததை எவ்வளவு தாமதமாகப் போடுகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். டேட்டாவை ஒப்பிட பெர்கோனா டூல்கிட் என்கிற கருவித் தொகுப்பில் பிடி-டேபிள்-செக்சம் இருக்கிறது, இலவசம். மாஸ்டரில் ஓட்டினால் டேபிளைத் துண்டு துண்டாகக் கணக்கிடும், அதே கணக்கு ரெப்ளிகாவிலும் நடக்கும், எந்தத் துண்டு பொருந்தவில்லை என்று காட்டிவிடும். இதன் பெயரை ஒருத்தர் வாய் திறந்து சொல்லவில்லை. நானே தேடி, 8.4-க்கு டூல்கிட் 3.7 வேண்டும் என்று அலைந்து கண்டுபிடித்து, இன்று காலை ஓட்டினேன். ஆர்டர் டேபிளில் பதினோரு துண்டு பொருந்தவில்லை. மூன்று வாரமாக எங்கள் ரிப்போர்ட் எல்லாம் இந்த ரெப்ளிகாவிலிருந்துதான் போகிறது, அத்தனையும் தப்பு!

காரணம் என்ன தெரியுமா? எங்கள் ஆள் ஒருத்தர் ரெப்ளிகாவிலேயே நேராக எழுதியிருக்கிறார். படிக்க மட்டும் விடும் ரீட் ஒன்லி ஆனில்தான் இருந்தது, ஆனால் சூப்பர் உரிமை (நிர்வாகி உரிமை) உள்ள யூசரை அது தடுக்காது, அதற்கு சூப்பர் ரீட் ஒன்லி வேண்டும். 1062, 1032 வந்தால் "ரெப்ளிகாவில் யார் எழுதினது?" என்றுதானே முதலில் கேட்க வேண்டும்? அன்றைக்கே கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. இப்போது ரெப்ளிகாவை முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன், விடிய விடிய ஓடும் போல.

இதில் ராத்திரி பத்து மணி ஆனால் ஆபீஸ் ஏசியை வேறு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்களா?