கந்தப்பளை ஸ்டோரில் அறை எடுப்பவர்களுக்கு

இலங்கையின் நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைப் பக்கம் ஏறினால், தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த நீளக் கட்டடம் ஒன்று நிற்கும். ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்து 1996-இல் ஹோட்டலாகத் திறந்தது. இன்றைய பெயர் ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி.

அத்தனை ஜன்னலும் அழகுக்கு வைத்ததல்ல, காற்றுக்கு வைத்தது. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அப்படியே உருட்டினால் முறிந்து நொறுங்கிப்போகும். அதனால் மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகளில் மெல்லிசாக விரித்து, 12 முதல் 18 மணி நேரம் வாட விடுவார்கள். வாடியதைக் கீழே உருட்டும் மெஷினுக்குத் தள்ளுவார்கள். பழைய ஸ்டோர்கள் உயரமாகவும், தகரம் அடித்து லேசாகவும் இருப்பது இதனால்தான்.

அந்த வாட்டும் மாடிகளில்தான் இப்போது கட்டில் போட்டிருக்கிறது. இடம் 6,000 அடிக்கு மேல். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். காற்றை உள்ளே இழுக்கக் கட்டிய கட்டடத்தில் குளிரை வெளியே நிறுத்துவது லேசான வேலையில்லை. ஆகவே இந்த மாதிரிக் கட்டடம் எதுவானாலும், பதிவு செய்யும்போதே அறைக்குள் ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே படுத்தால் மழை இரைச்சலில் தூக்கம் போகும். பலகைத் தளமென்றால் மேலே நடப்பவரின் காலடி தலைக்கு மேல் கேட்கும். கூரைக்கு ஒரு மாடி கீழே, லிஃப்டுக்குத் தள்ளி எடுப்பது நல்லது.

பழைய தொழிற்சாலையை ஹோட்டலாக்கும்போது பல ஊர்களில் இரும்புத் தூணுக்குப் பெயின்ட் அடித்து, வரவேற்பறையில் ஒரு பல்சக்கரத்தை நிறுத்திவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அங்கே என்ன வேலை நடந்தது என்று தங்குகிறவருக்குத் தெரியாது. கந்தப்பளையை நான் மதிப்பது, பழைய எஞ்சினோடு நிறுத்தாமல் ஒரு சின்னத் தொழிற்சாலையையும் ஓட்டுவதால். அங்கே படம் எடுப்பதற்கு முன் வாடிய கொழுந்தில் ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் பதம். சட்டென்று விரிந்தால் இன்னும் வாட வேண்டும். காம்பை மடித்தால் வளைய வேண்டும், படக்கென்று முறியக்கூடாது.

விருந்தினர்களுக்குக் கூடை கொடுத்துக் கொழுந்து பறிக்கவும் விடுகிறார்கள். அவசியம் பறியுங்கள், பறித்ததை எடை போட்டும் பாருங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தால் புதியவர் கையில் அரை மணி நேரத்தில் அரைக் கிலோ சேர்வதே பாடு. பல தோட்டங்களில் முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுக் கூலிக்கு, கேட்பது 18 கிலோ, குறைந்தால் அரைப்பேர்தான். அந்த 18 கிலோ காய்ந்து தூளாகும்போது தேறுவது 4 கிலோ.

எஞ்சினுக்கு விளக்கப் பலகை வைக்கும் ஹோட்டல்கள் இந்தக் கணக்கையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். மலையில் கொழுந்தைப் பறித்தவர்களும் மாடியில் அதை விரித்தவர்களும் பேசியது தமிழ். பலகையில் அதுவும் இருக்க வேண்டும்.