‘மிட்ஜெட்’ மருத்துவச் சொல் அன்று

“மிட்ஜெட் என்பது மருத்துவச் சொல், தாராளமாகச் சொல்லலாம். பெற்றோர் குள்ளமாக இருந்தால்தான் பிள்ளையும் அப்படிப் பிறக்கும்.” நம் சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், மிகவும் உயரம் குறைந்தவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘மிட்ஜெட்’ பற்றி இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு வாக்கியமும் தவறு.

ஆங்கிலத்தில் ‘மிட்ஜ்’ என்றால் கொசு போன்ற சிறு பூச்சி. அதன் வாலில் ‘எட்’ என்னும் சிறுமை விகுதி ஒட்டிப் பிறந்ததே இந்தச் சொல். 19ஆம் நூற்றாண்டில், டிக்கெட் விற்று மனிதர்களையே காட்சிப்பொருளாக நிறுத்திய அமெரிக்கக் கூடாரங்களில் அது பரவியது. மருத்துவமனையில் பிறந்த சொல்லே அன்று. பூச்சியின் பெயரால் ஒரு மனிதரை அழைப்பது எப்படி மருத்துவமாகும்? மருத்துவர்கள் எழுதுவது குறிப்பிட்ட குறைபாட்டின் பெயரை. உயரத்தைக் குறைக்கும் குறைபாடுகளுள் அதிகம் காணப்படுவது, கை கால் எலும்புகள் போதிய நீளம் வளராத அகான்ட்ரோபிளேசியா. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 1994இல் கண்டறியப்பட்டது. அந்தக் குறைபாட்டுடன் பிறப்பவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் பெற்றோர் சராசரி உயரம் உடையவர்களே.

தமிழில் ‘குள்ளன்’ என்று சொல்லிவிட்டால் சரியா? அகத்தியரைக் குறுமுனி என்று போற்றிய மொழிதான் நம்முடையது. குட்டை என்பதில் இழிவில்லை, ‘அன்’ விகுதியிலும் அழைக்கும் குரலிலும் இருக்கிறது. சென்ற மாதம் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பார்த்து ஒருவர் அந்த ஆங்கிலச் சொல்லை உரக்கச் சொன்னார். அந்தப் பெண்மணி காயைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் மட்டும், “அக்கா, வாங்க!” என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்.

‘உயரம் குறைந்தவர்’ என்று சொல்லலாம். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள்.