அக்கா அழுததைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் தர்மபுரி மாவட்டத்து சுகாதாரத் துறை வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றி முடித்துவிட்டது. அதனால் யார், எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஒரு கிராம சுகாதார செவிலியரின் பணி நிறைவு விழா அது. அதில் அக்கா இரண்டு வாக்கியம் பேசினார், மூன்றாவது வரவில்லை, அழுதுவிட்டார். பக்கத்தில் நின்ற அதிகாரி மைக்கை வாங்கி, "எதுக்கும்மா அழுவுறீங்க, அதான் பென்ஷன் வருதே, பேரப்பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு ஜாலியா இருங்க" என்றார். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. வீடியோ அதோடு முடிகிறது. நான் அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள், பிரியாணி போட்டார்கள். அக்கா சொல்ல வந்ததை யாரும் கேட்கவே இல்லை.

அன்று ராத்திரி அதைப் பற்றி இங்கே நான் எழுதிய நான்கு வரிக்கு வந்த பதில்களையும் பார்த்தீர்கள். "சம்பளம் பாதியாகுதுன்னு அழுகிறார்" என்று ஒருவர். "அரசு ஊழியர்களுக்கு வேலையை விட மனசே வராது" என்று இன்னொருவர். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன. அதுதான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முப்பது வருடத்துக்கு மேல் செய்த வேலை முடியும்போது அதற்கு மனதைத் தயார் செய்வதும் ஒரு வேலை. அதற்குக் காலம் வேண்டும். கேட்க ஆள் வேண்டும். அதை யாரும் கேலி செய்யக் கூடாது.

பணத்துக்கு எவ்வளவு தயாரிப்பு நடக்கிறது என்று பாருங்கள். பணிப்பதிவேட்டைச் சரிபார்க்கிறார்கள். தணிக்கைத் தடை ஏதாவது இருக்கிறதா என்று பல வருடத்துக்கு முந்தைய ரசீதைத் தேடச் சொல்கிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ, மாதிரிக் கையெழுத்து, அங்க அடையாளம், வாரிசுதாரர் விவரம் எல்லாம் கேட்கிறார்கள். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கலாமா, வாங்கினால் 15 வருடம் பிடித்தம் போகுமே என்று ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். எல்லாம் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் கையில் எந்த இடத்தில் மச்சம் இருக்கிறது என்று கேட்கிற அந்தக் கோப்பில், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் எழுந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க ஒரு வரி கிடையாது. வீட்டிலும் யாரும் கேட்பதில்லை.

கிராம சுகாதார செவிலியர் வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பல ஊர்களில் நிலையமும் குடியிருப்பும் ஒரே கட்டடம். முன் அறையில் ஊசி, பின் அறையில் அடுப்பு. சுவரில் நம் பெயரும் போன் நம்பரும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். அக்காவும் அப்படித்தான் இருந்தார். வேலை முடிகிற அன்றைக்கு அவருக்கு வீடும் போகிறது, தெருவும் போகிறது, "நர்சம்மா" என்று கூப்பிடுகிற ஊரும் போகிறது. ஆபீஸ் வேறு, வீடு வேறு என்று இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அக்கா வேலைக்கு வந்த காலத்து தர்மபுரியை, பெண் சிசுவைக் கொன்ற அந்தக் காலத்தை, இப்போது யாரும் பேச விரும்புவதில்லை. இரண்டாவதும் பெண் என்றால் அந்த வீட்டுக்கு மறுநாளும் போக வேண்டும், அதற்கடுத்த நாளும் போக வேண்டும். குழந்தைக்கு எடை பார்க்கிறேன் என்று சொல்லித்தான் உள்ளே போக முடியும். பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அரசிடம் விட்டுவிடலாம் என்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல்தான் நம் மாவட்டத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் அக்காவைப் போன்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, மாமியாரிடம் திட்டு வாங்கி, குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். அப்படிப் பார்த்து வந்த குழந்தைகளில் ஒருத்தி பிறகு வளர்ந்து, கல்யாணமாகி, அக்காவிடமே கர்ப்பப் பதிவுக்கு வந்து நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். பெயர், வயது, கணவர் பெயர் என்று அக்கா பதிவேட்டில் எழுதினார், கை நடுங்கியது. சொட்டு மருந்து எடுத்துக்கொண்டு சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போனவர் அவர். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வந்தபோது டிவியில் யார் யாரோ பேசினார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நல்ல திட்டம். அது வருவதற்கு வெகுகாலம் முன்பே அக்கா வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் ஒரு மதியத்தில் மாலை போட்டு முடித்து வைக்கிறோம். அதில் அவர் அழுதால் நமக்கு அது வேடிக்கை.

என் அப்பாவைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. பாலக்கோடு பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்தார். ஆலைச் சங்கு எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சங்கு ஊதினால் எழுந்து சட்டை மாட்டிக்கொள்வார். வாசல் வரை போவார், திரும்பி வருவார். மதியச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் சண்டை போடுவார். அதற்கு முன் அவர் சாப்பாட்டைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. வயசானால் இப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கோவிலுக்குப் போகச் சொன்னார்கள், தாயக்கட்டம் ஆடச் சொன்னார்கள். ஆலையில் என்ன செய்தீர்கள், எந்த மெஷின், கூட யார் இருந்தார்கள் என்று ஒருவரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அவருக்குப் பணக் கஷ்டம் பெரிதாக இருக்கவில்லை. பேச ஆள் இல்லாமல்தான் அவர் சுருங்கிப் போனார். இதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் "பென்ஷன் வருதே" என்கிற பேச்சு எனக்கு இவ்வளவு கோபத்தைக் கொடுக்கிறது.

இப்போது சிலர் வருவார்கள். "உங்களுக்குப் பழைய பென்ஷன் இருக்கிறது, நீங்கள் மனதைப் பற்றிப் பேசலாம். எங்களுக்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்று இருந்தது. சம்பளத்தில் மாதாமாதம் 10 சதவீதம் பிடித்தார்கள், கடைசியில் எவ்வளவு வரும் என்று உறுதி இல்லாமலேயே வருடங்கள் ஓடின. என்னோடு வேலை செய்கிற தங்கைகள் அந்தப் பயத்தோடுதான் இருந்தார்கள். அவர்கள் போராட்டத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் நான் போயிருக்கிறேன். பணம் உறுதியாக இருந்தால் மனதின் பாரத்தில் பாதி குறையும், அதை மறுக்க மாட்டேன். மீதிப் பாதியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

"கூலி வேலை செய்பவர்களுக்கு ஓய்வும் கிடையாது, விழாவும் கிடையாது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மை. என் அம்மா புளி தட்டி, கொட்டை எடுத்துக் கூலி வாங்கியவர். கை மரத்துப் போகும்வரை செய்தார். ஒரு நாள் உட்கார முடியவில்லை, அன்றோடு நின்றது. அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. தம்பிக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அம்மாவுக்குக் கிடைக்காததை அக்காவுக்கும் கொடுக்காதே என்று அம்மாவே சொல்லியிருக்க மாட்டார்.

"இளைஞர்களுக்கு வழி விடுங்கள்" என்பவர்களுக்கு ஒரே பதில். ஓய்வு வயது 58 என்று இருந்ததை 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், அடுத்த பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. அக்கா 58 என்று மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார், கொரோனா வார்டுக்கும் தடுப்பூசி முகாமுக்கும் ஓடிக்கொண்டே அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டார். அழுதவர் எல்லாம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுவதாக நினைப்பவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

எனக்கும் நாள் நெருங்குகிறது. அதனால் தயாராக ஆரம்பித்திருக்கிறேன், ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு முதல் பயம் புதன்கிழமை. தடுப்பூசி நாள். இத்தனை வருடம் புதன்கிழமை விடிந்தால் கேரியரில் ஐஸ் பேக் வைத்து மருந்தை எடுத்துக்கொண்டு, எந்தக் குழந்தைக்கு எத்தனையாவது வாரம் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போவேன். அந்த நாள் சும்மா விடிந்தால் எனக்குத் தாங்காது என்று தெரியும். அதனால் இப்போதே ஊசியை என்னோடு வேலை செய்கிற ஒரு தங்கை கையில் கொடுத்துவிட்டு நான் பதிவேடு எழுதுகிறேன். முதல் வாரம் கை பரபரத்தது. இப்போது கொஞ்சம் பரவாயில்லை. சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறேன். எந்த வீட்டில் மாமியாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த வீட்டில் கணவன் குடிப்பான், யார் இரத்தசோகை மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பாள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். இதெல்லாம் கர்ப்பிணிகளுக்குப் பதிவில் கொடுக்கிற பிக்மி எண்ணைப் போட்டால் கம்ப்யூட்டரில் வராது. இதை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்கிற நினைப்பே எனக்குத் தைரியமாக இருக்கிறது.

ஆபீஸ் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க வேண்டும். கடைசி ஆறு மாதம் ஓய்வு பெறப்போகிறவரோடு புதியவர் ஒருவரை நடக்க விடுங்கள். ஓய்வு பெற்றவரை மாதம் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அப்புறம் வீடு. பெண்களுக்கு வேலை முடிந்தது என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? ஆண் ஓய்வு பெற்றால் "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறார்கள். பெண் ஓய்வு பெற்றால் யார் வீட்டுக் குழந்தையைப் பார்க்க அனுப்பலாம் என்று பேச்சு தொடங்குகிறது. மேடையில் அந்த அதிகாரி சொன்னதும் அதுதான். பேரப்பிள்ளைகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. என் பேத்தி வீடியோ காலில் கூப்பிட்டால் கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறவள் நான். ஆனால் ஒரு வேலை முடிந்த மறுநாள் இன்னொரு வேலையில் என்னை உட்கார வைத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் சொல்லாதீர்கள். ஊர் ஊராக நடந்த கால் இது. கொஞ்ச நாள் எங்கே போக வேண்டும் என்று அதுவே முடிவு செய்யட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் பெங்களூருவில் இருந்து போன் செய்தான். "ஜூலையில் இருந்து பாப்பாவை டேகேரில் இருந்து நிறுத்திடறோம்மா, நீங்க வந்துடுவீங்கல்ல" என்றான். என்னைக் கேட்கவில்லை, தகவல் சொன்னான். வருவேன், ஆனால் முதல் ஆறு மாதம் எனக்கு வேண்டும் என்றேன். பாலக்கோட்டில் அப்பா விட்டுப் போன கால் ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது, அதில் தக்காளி போடப் போகிறேன், அக்காவும் நானும் சேர்ந்து மலையில் பழைய ஊர்களுக்கு ஒரு சுற்றுப் போகப் போகிறோம், அதற்குப் பிறகு பேசலாம் என்றேன். "வயசான காலத்துல என்னம்மா இதெல்லாம்" என்று போனை வைத்துவிட்டான். மருமகளும் அதன் பிறகு பேசவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். இந்தப் பதிவைப் படிக்கட்டும், படித்துவிட்டுப் போன் செய்யட்டும். டேகேருக்கு அடுத்த ஆறு மாதப் பணம் நான் கட்டுகிறேன்.