என் சொந்தத் தரிப்பிடத்துக்கு நூறு பவுண்

பத்து வருடங்களுக்கு மேலாக நான் கார் நிறுத்திவரும் இடத்தில் கார் நிறுத்தியதற்காக என்மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு ஒருவழியாக முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் ஆத்திரம் தீரவில்லை, அதனால்தான் இந்த நீண்ட பதிவு. தேநீரோடு உட்காருங்கள்.

லண்டன் ஹரோவில், ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. 24 வீடுகள். வீட்டோடு சேர்த்து எழுதித் தந்த தரிப்பிடம் 17ஆம் இலக்கம். நிலையத்துக்குப் பக்கம் என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே காரை எங்கள் இடங்களில் விட்டுவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள். குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பெரிய கூச்சல். கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜிங் ஏஜென்ட், “ஒரு தனியார் நிறுவனத்தைக் கொண்டுவருகிறோம், உங்களுக்கு ஒரு பென்ஸும் செலவில்லை” என்றார். செலவில்லை என்றதும் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஏஜென்டிடமும் காசு வாங்காமல், எங்களிடமும் வாங்காமல் ஒரு நிறுவனம் எதைத் தின்று வாழும்? எல்லோரும் ஒழுங்காக நிறுத்தினால் அதற்குப் பட்டினிதான். வெளியாட்கள் இரண்டு முறை காசு கேட்கும் டிக்கெட் வாங்கியதும் வராமல் விட்டுவிடுவார்கள். பிறகு அங்கே மிஞ்சுவது யார்?

நாங்கள்தான். 2024 பெப்ரவரியில் ஒரு நாள், கார் ஹீட்டரின் சூட்டில், குடியிருப்பாளர்களுக்கு என்று நிறுவனம் தந்த பெர்மிட் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை கழன்று, பெர்மிட் முகம் குப்புற விழுந்துகிடந்தது. காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் படம் பிடித்திருக்கிறார்கள். முன்கண்ணாடியில் மஞ்சள் உறை. நூறு பவுண், 14 நாளுக்குள் கட்டினால் அறுபது.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணை ஒருவரிடம் காட்டினேன். ஊரில் எங்கள் பக்கத்துக் காணிக்காரர். “தம்பி, அறுபதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இரும். கடிதம் கிடிதம் என்று வந்தால் பிறகு தலையிடி” என்றார்.

இந்த அண்ணையின் குடும்பம் ஊரில் ஒரு முழ வேலிக்காக மூன்று தலைமுறையாக வழக்காடியது! எல்லைக் கதியால் அரை அடி நகர்ந்ததற்கு யாழ்ப்பாண நீதிமன்றப் படியேறிய சனம் நாங்கள். உறுதியில் ‘கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு பரப்புக் காணி வாங்கமாட்டோம். அதே நாங்கள் லண்டனில் இரண்டரை இலட்சம் பவுணுக்கு வீடு வாங்கிவிட்டு அதன் லீஸை, அதாவது நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தை, பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு கடிதம் வந்தால் கார்டை எடுத்துவிடுகிறோம். வதிவிட உரிமைக்குக் காத்திருந்த வருடங்களில் எந்தக் கடித உறையைக் கண்டாலும் நெஞ்சு இடித்த பழக்கம், பாஸ்போர்ட் கிடைத்து இருபது வருடமாகியும் போகவில்லை. அந்தப் பயத்தில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது என்பது என் கட்சி.

முதலில் ஒரு சொல் விளக்கம். கவுன்சில் தருவது பெனல்ட்டி சார்ஜ் நோட்டீஸ். அது தண்டம், சட்டம் தந்த அதிகாரம். தனியார் தருவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். இந்தப் பொருத்தம் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். தனியார் கேட்பது தண்டமே அல்ல, ஒப்பந்தப் பாக்கி. ‘பலகையை வாசித்தாய், வாசித்தும் நிறுத்தினாய், ஆகவே நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டாய்’ என்பதே அவர்களின் வாதம்.

ஒப்பந்தம் என்றால் அவர்கள் எனக்கு ஏதாவது தரவேண்டும் அல்லவா? எதைத் தருகிறார்கள்? 17இல் நிறுத்த அனுமதி. அந்த உரிமை 2006இல் எழுதிய லீஸிலேயே இருக்கிறது. ஒரு தனியார் கார் நிறுத்த எனக்கு மட்டுமேயான உரிமை என்று எழுதியிருக்கிறது. பெர்மிட் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. என் பங்குக் கிணற்றில் நான் தண்ணீர் அள்ள, அடுத்த ஊர்க்காரன் சீட்டுக் கொடுப்பதைப் போன்றது இது. ஏஜென்ட் நினைத்தபடி லீஸை மாற்றவும் முடியாது. 1987ஆம் ஆண்டின் நில உரிமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, ஒன்பது வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில் 75 சதவீதமானோர் சம்மதிக்கவேண்டும், எதிர்ப்பவர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதற்குப் பிறகும் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். எங்கள் கூட்டத்தில் நடந்தது கை தூக்கல் மட்டும்.

நிறுவனத்துக்கு இதை எழுதினேன். அச்சடித்த மறுப்பு வந்தது. இந்தத் துறையில் இரண்டு சங்கங்கள், இரண்டுக்கும் தனித்தனி மேல்முறையீட்டு அமைப்புகள். எங்கள் நிறுவனம் சேர்ந்திருந்த பக்கத்துக்கு முறையிட்டேன், அங்கேயும் தோல்வி. அந்தத் தோல்வி என்னைக் கட்டுப்படுத்தாது என்று தெரிந்திருந்ததால் தூக்கம் கெடவில்லை.

அவர்களுடைய கடிதம் ஒவ்வொன்றிலும் பீவிஸ் வழக்கு வந்துவிடும். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதி, இரண்டு மணி நேரம் இலவசம், பீவிஸ் 56 நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டார், 85 பவுண் செல்லும் என்றார்கள். சரி. ஆனால் அவர் கடைத்தொகுதிக்கு வந்த விருந்தாளி. நான் என் வீட்டில் நிற்கிறேன். எனக்குத் துணையாக நின்றது ஜோப்சன் வழக்கு. 2016இல் ஒக்ஸ்ஃபோர்ட் மாவட்ட நீதிமன்றத்தில் மேன்முறையீடாக வந்தது. மேசை ஒன்றை இறக்கத் தன் அடுக்குமாடி வாசலருகே காரை நிறுத்திய குடியிருப்பாளர், டிக்கெட்டை எதிர்த்து வென்றார். சாமான் இறக்க நிற்பது பார்க்கிங் ஆகாது, லீஸ் தந்த உரிமையைப் பின்னால் வந்த பலகை பறிக்காது என்பது தீர்ப்பின் சாரம். மற்ற நீதிபதிகள் இதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்றில்லை. ஆனாலும் எடுத்துவைக்கலாம்.

அடுத்து கடன் வசூல் கம்பனிக் கடிதங்கள். நூறு 170 ஆகியது. கதவைத் தட்டிச் சாமான் தூக்குபவர்கள் இவர்கள் அல்லர். இப்படிப்பட்ட பாக்கிக்கு அந்த அதிகாரம் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் எவருக்கும் இல்லை. இந்தக் கடிதங்களைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆனால் இரண்டை மறக்கவே கூடாது: வழக்குக்கு முந்திய கடிதம், நோர்தாம்டன் நீதிமன்ற மையத்திலிருந்து வரும் வழக்குப் படிவம். முன்னதற்கு 30 நாள். பின்னதற்கு 14 நாள்தான், எதிர்வழக்காடுவதாக உடனே அறிவித்தால் 28. தவறவிட்டால் எதிர்த்தரப்புக்கு விசாரணையே இல்லாமல் தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் உங்கள் பெயர் ஆறு வருடம் நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டில் கிடக்கும், வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது தெரியும் அதன் அருமை. ‘அவர்கள் வழக்கெல்லாம் போடமாட்டார்கள்’ என்று முகநூலில் அறிவுரை சொல்கிறவர்கள் பல குடும்பங்களைக் கெடுத்திருக்கிறார்கள்.

என்மீது போட்டார்கள். 100, அதன்மேல் 70, நீதிமன்றக் கட்டணம் 35, சட்டத்தரணிக்கு 50. மொத்தம் 255 பவுணும் வட்டியும். சட்டத்தரணி வைக்கவில்லை. லீஸின் இரண்டு பக்கங்களை இணைத்து, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து நானே எழுதினேன். 2024 மே முதல் இப்படிப்பட்ட சிறு வழக்குகளுக்குத் தொலைபேசிச் சமரசம் கட்டாயம். அதிலே பேசியது இரகசியம், எழுதக்கூடாது. சமரசம் ஆகவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். விசாரணைத் திகதி குறித்தார்கள். அவர்கள் கட்டவேண்டிய விசாரணைக் கட்டணம் 27 பவுண். அதைக் கட்டவேண்டிய நாளுக்கு முன்பு வழக்கை மீளப்பெறுகிறோம் என்று ஒற்றைத்தாள் வந்தது. பதினாறு மாதம் விரட்டியவர்களுக்கு 27 பவுண் கட்டும் அளவுக்குக்கூடத் தங்கள் வாதத்தில் நம்பிக்கை இல்லை.

எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. தபால் தலைக் காசுகூட. வென்றதாகவும் சொல்லமுடியாது.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இவர்களுக்கு ஒழுங்குவிதி எழுதச் சொல்லிப் பாராளுமன்றம் சட்டம் போட்டது 2019இல். விதி வெளியானது 2022 பெப்ரவரியில், அதே ஜூனில் மீளப்பெறப்பட்டது. 2025 ஜூலையில் மறுபடி கருத்துக் கேட்டார்கள். இடையில் வாகனங்களைப் பதியும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ. மட்டும் ஒரு விலாசத்துக்கு இரண்டரைப் பவுண் வாங்கிக்கொண்டு நம் விவரங்களை இவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அண்ணை வந்தார். அவருக்கு மூன்று டிக்கெட். மூன்று என்றதும் கட்டும் நிம்மதி போய்விட்டது. லீஸ் எங்கே என்றேன். பழைய பாஸ்போர்ட்டுகளோடு சூட்கேஸில் இருந்ததாம். அவருடையது புதுக் கட்டடம். ‘உரிமையாளர் காலத்துக்குக் காலம் விதிக்கும் ஒழுங்குகளுக்கு உட்பட்டு’ என்ற வரியை வாசித்ததும் எனக்குச் சுருதி இறங்கிவிட்டது. என் வாதம் அவருக்குப் பொருந்தாது.

கடிதங்களின் திகதியைப் பார்த்தேன். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்கண்ணாடியில் டிக்கெட் வைத்திருந்தால், கார் உரிமையாளருக்கான கடிதம் 56 நாளுக்குள் வந்துசேரவேண்டும். இல்லையேல் ஓட்டியவரிடம் மட்டுமே கேட்கலாம், ஓட்டியவர் யாரென்று உரிமையாளர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அவருக்கு வந்த ஒரு கடிதம் 63ஆம் நாள் வந்திருந்தது. “அண்ணை, இது ஒன்றாவது தப்பும்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் அன்றைக்கே போன் எடுத்து, ஓட்டியது நான்தான், மன்னிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேனே தம்பி.”