கல் கொட்டப் பணம் இருக்கிறது, வடிகால் வாயைத் தூர்வார இல்லை

கடலோர நகராட்சிகளின் பட்ஜெட்டில் கடற்கரை பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் தலைகாட்டும். குப்பை அள்ளும் ஒப்பந்தம் ஒன்று, ‘கடல் அரிப்புத் தடுப்பு’ என்ற பெரிய திட்டம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் அன்றாட வேலைகளுக்குத் தனித் தலைப்பும் கிடையாது, பொறுப்பான ஆளும் கிடையாது. கரை கெடுவது அங்கேதான்.

குப்பையையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில் கூலி என்று டெண்டரில் எழுதிவிட்டால், அவர் மணலைத்தான் அள்ளுவார். ஈர மணல் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட இரண்டு டன். பிளாஸ்டிக் பைகளை லாரி நிறைய அடைத்தாலும் அந்த எடை வராது. அதனால் சலிக்கும் இயந்திரத்தின் பற்கள் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கும், அலை ஒதுக்கிய பாசியும் மணலோடு சேர்ந்து எடைமேடைக்குப் போகும். பார்வைக்கு அழுக்காகத் தெரியும் அந்தப் பாசிதான் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து அடுத்த மணல்மேட்டுக்கு அடி போடுகிறது. கரைப்பறவைகளுக்கு இரையும் அதில்தான் இருக்கிறது. கூலியைக் கரையின் நீளத்துக்கும், ஆய்வின்போது கரை இருக்கும் நிலைக்கும் கொடுக்க வேண்டும். பாசி ஒதுங்கும் கோட்டில் ஆட்கள் கையால் பொறுக்கட்டும். ஆமை முட்டையிடும் மாதங்களில் விடியற்காலையில் ஒருவர் நடந்து தடம் பார்த்த பிறகே இயந்திரம் இறங்கலாம், அதுவும் ஈர மணலில் மட்டும்.

அடுத்தது மழைநீர் வடிகால் கடலில் விழும் வாய். எனக்கு அதிகக் கோபம் வருவது இதில்தான். குழாய் வாயில் ஒருவழிக் கதவு இருக்கும்: உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், கடல் ஏறினால் மூடிக்கொள்ளும். கோடையில் அலை கொண்டுவந்து போடும் மணல் அதை வெளியிலிருந்து அடைத்துவிடும். ஒரு மரக்கட்டை இடுக்கில் சிக்கினால் கதவு பாதி திறந்தபடியே நிற்கும். அமாவாசை ஓதத்தோடு, அதாவது கடல் வழக்கத்தைவிட உயர ஏறும் நேரத்தோடு, கனமழையும் சேர்ந்தால், முதல் வகையில் மழைநீர் வெளியேற வழியில்லை, இரண்டாவதில் கடல்நீரே தெருவுக்குள் வரும். மழைக்காலத்துக்கு முன் தூர்வாரி, கீல்களைச் சரிபார்த்து, மழைக்காலம் முழுதும் ஒவ்வொரு பெரிய ஓதத்துக்குப் பிறகும் ஒரு முறை பார்த்தால் போதும். மழையே இல்லாத நாளில் அந்த வாயில் தண்ணீர் வழிந்தால், எங்கோ கழிவுநீர் கலக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். குளிக்கும் நீரில் மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் என்டிரோகாக்கஸ் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முடிவு வருவதற்குள் மக்கள் குளித்து முடித்திருப்பார்கள். ஆகவே கனமழை பெய்தால் சோதனைக்குக் காத்திராமல் வடிகால் வாய்க்கு அருகே இரண்டு, மூன்று நாள் குளிக்கத் தடை போடுவதே சரி.

தடுப்புச் சுவருக்கு வருவோம். சுவரை ஒட்டிய நடைபாதையில் ஒரு கல் மட்டும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால், கான்கிரீட் பூசி மட்டப்படுத்திவிட்டுப் போகிறார்கள். சுவருக்குப் பின்னால் மணலைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டித் துணி விரித்திருப்பார்கள். அது கிழிந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு விரிப்புகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு படியாமல் போனாலோ, ஒவ்வொரு அலை வற்றும்போதும் மணல் இடுக்கு வழியாக வெளியே உறிஞ்சப்படும். மேலே கான்கிரீட் ஓடு, கீழே வெற்றிடம். ஒருநாள் அது ஆளோடு உள்ளே போகும். இறங்கிய கல்லைப் பெயர்த்து, தோண்டி, துணியை மாற்றி, மணலைத் திரும்ப இறுக்குவதுதான் பழுதுபார்ப்பு.

சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் கரை இன்னும் வேகமாக அரிக்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் அப்படியே, ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கம் பட்டினி போடும். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்தின் சுவர்களை 1960-களில் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கிலேயே தங்கியது, வடக்கில் உள்ள கிர்ரா கடற்கரை கரைந்தது. 2001 முதல் அங்கே நிரந்தரமாகப் பம்பு வைத்து, ஆற்றைத் தாண்டி வடக்கே மணலை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கல் ஒருமுறைச் செலவு என்று மாமன்றத்தில் சொல்பவர்கள் இந்தப் பம்பின் கரண்டு பில்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மணல்மேட்டை வளர்க்கப் பெரிய செலவில்லை. பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமான குச்சி வேலி போதும். முழுக்க அடைத்த வேலியைவிட அது மணலை நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் காற்றை அது சுழலவிடாமல் தளரச் செய்கிறது.

கழிப்பறை, குளியல் குழாய், சக்கர நாற்காலிச் சாய்தளம், கைப்பிடி எல்லாம் உப்புக்காற்றில் நிற்பவை. எவர்சில்வர் என்று மட்டும் டெண்டரில் எழுதினால் 304 ரகம்தான் வரும், பழுப்புக் கறை ஏறிப் புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 என்று எழுத வேண்டும், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அலுமினியத்தில் எவர்சில்வர் திருகாணி போட்டால் இடையில் பிளாஸ்டிக் வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் அலுமினியம் தின்னப்படும்.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மூன்று தாள்களைக் கேளுங்கள்: வடிகால் வாய்கள் கடைசியாகத் திறந்து பார்க்கப்பட்ட தேதி, குப்பை ஒப்பந்தத்தின் கூலி விதி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடங்களில் எடுத்த கரை மட்ட அளவுகள். மூன்றாவது தாள் இல்லாத ஊரில் புதிதாகக் கல் கொட்டும் தீர்மானம் எதையும் நிறைவேற்ற விடாதீர்கள்.