சித்தியை ஏற்றிச் சென்ற வண்டி

2024 ஆகஸ்டில் 'கொட்டுக்காளி' வெளியான வாரம், அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரையில் ஒரு மாலைக் காட்சிக்குப் போயிருந்தேன். சூரி நடித்த படம் என்றதும் அம்மா ஆசையாகக் கிளம்பினார். அரங்கில் பாதிக்கு மேல் காலி. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் உரக்கக் கேட்டார்: "அவ்வளவுதானா? முடிவு எங்கே?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா எதுவும் சொல்லாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அந்தக் கேள்வி அதற்குப் பிறகும் விடாமல் என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இந்த வாரம் ஒரு நண்பரும் எழுதியிருந்தார்: இந்த மாதிரிப் படங்கள் எல்லாம் விருதுக்காக எடுக்கப்படுபவை, சாதாரண மனிதர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று. படம் வந்த நேரத்தில், இதைத் திரையரங்குக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்ற குரல் திரைத்துறைக்குள்ளிருந்தும் எழுந்தது. எனக்கு இது மனதை உறுத்துகிறது. 'சாதாரண மனிதர்கள்' என்று அவர்கள் சொல்லும் இடத்தில் எனக்கு அம்மாவின் முகம்தான் தெரிகிறது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, பேயோட்டும் சாமியாரிடம் அவளைக் கொண்டுபோகிறது குடும்பம். ஒரு ஷேர் ஆட்டோவும் சில பைக்குகளும், கூடவே காலில் கயிறு கட்டிய சேவல் ஒன்றும். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற முறைமாமன் பாண்டி, தொண்டை கட்டிப்போய்க் கரகரத்த குரலில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே வருகிறான். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சலும் காற்றும் மனிதர்களின் பேச்சும்தான்.

வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் அத்தனை பேரும் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து, கொஞ்சமும் பதறாமல் அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த இடத்தில் எங்கள் அரங்கில் சிரிப்பு எழுந்தது. அது ரசித்துச் சிரித்த சிரிப்பு. படம் புரியாதவர்களிடமிருந்து அப்படி ஒரு சிரிப்பு வராது.

எங்கோ ஒலிபெருக்கியில் ஓடுகிற பாட்டுக்கு மீனா லேசாக வாயசைத்துவிடுகிறாள். அவ்வளவுதான். பாண்டி வெறிபிடித்தவனாக அவளையும், தடுக்க வந்தவர்களையும் அடித்து நொறுக்குகிறான். அந்தக் காட்சி முழுக்க அம்மா என் முன்கையைப் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவருடைய வளையல் அழுந்திய தடம் சிவந்திருந்தது.

படத்தின் கடைசியில் சாமியாரின் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி தன் கண்ணால் பார்க்கிறான். அடுத்த முறை மீனாவுடையது. அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமலேயே படம் முடிகிறது. இதைத்தான் முடிவு இல்லை என்கிறார்கள். பாண்டி மனம் மாறி எல்லோரையும் திட்டிவிட்டு மீனாவை மீட்டுக்கொண்டு போயிருந்தால் நாம் கைதட்டியிருப்போம். கைதட்டிவிட்டு நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். அந்த நிம்மதியைத் தரக் கூடாது என்று இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

அவருடைய முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருது பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். ஆனால் நம்மூர்த் திரையரங்குகளுக்கு வராமல் 2023 அக்டோபரில் நேராக ஓடிடிக்குப் போனது. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இயக்குநரின் சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அதிலிருந்து பிறந்த கதை. படத்தில் நடப்பவர்கள் ஒரு குடிகாரத் தகப்பனும் அவன் மகன் வேலுவும். தாகத்துக்கு வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே எத்தனையோ கற்கள் கிடக்கின்றன. எத்தனை முறை இப்படி நடந்திருப்பான் என்று எந்தக் கதாபாத்திரமும் சொல்லவில்லை. நான்தான் எண்ணிப்பார்த்தேன். வெயிலில் பள்ளிப்பையோடு தனியாக நடந்துபோகும் பிள்ளையைக் கண்டால் இப்போதும் என் வண்டி தானாக மெதுவாகிறது.

'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் செய்ததும் இதையேதான். கையகல நிலம் வாங்கிவிட வேண்டும் என்று ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமி, கடைசியில் கைவிட்டுப் போன தன் நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். தேனிக்குப் போகும்போதெல்லாம் காற்றாலைகளைக் காட்டி என் பிள்ளைகளிடம் எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். 2018இல் அந்தப் படம் பார்த்த பிறகு, இறக்கைகளை விட்டுவிட்டு அடியில் நாற்காலி போட்டு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

இந்தப் படங்களின் பக்கம் நிற்பவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படம் பிடிக்கவில்லை என்றவரை ரசனை கெட்டவர் என்று சாடுகிறார்கள். முடிவு எங்கே என்று அன்று கேட்ட மனிதர், நூற்றைம்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து கடைசி வரை பார்த்தவர். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் என்ன நினைத்தார் என்பது யாருக்குத் தெரியும்? எங்கள் அம்மாவும் அன்று பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நானும் முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், தலை நிமிராமல் சொன்னார்: "உன் சித்தியையும் அப்படித்தான் கொண்டுபோனோம்."

எனக்கு அதுவரை தெரியாது. சித்திக்கு அப்போது பதினெட்டு வயது. யாரோ ஒருவருக்கு எழுதிய கடிதம் அகப்பட்டுவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பூசாரியிடம் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வண்டியில் அம்மா சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். நல்லவேளை நீங்களாவது ஆறுதலாக இருந்தீர்களே என்றேன். அம்மா கீரைத் தண்டைக் கீழே வைத்துவிட்டார். "ஆறுதலுக்கா பிடித்தேன்? அவள் குதித்து ஓடிவிடுவாள் என்று தாத்தா என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்."

நாற்பத்தைந்து வருடம் எங்கள் வீட்டில் ஒருவரும் பேசாத விஷயம். பூசாரி வீட்டில் என்ன நடந்தது என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சித்தியின் தோளில் இருக்கும் அந்தத் தழும்பைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அடுப்பில் சுட்டுக்கொண்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அன்று மதியம் அம்மா சித்திக்குப் போன் போட்டார். மழை, ரேஷன் அரிசி, பேத்தியின் காதுகுத்து என்று அரைமணி நேரம் பேசினார்கள். வேறு எதுவும் பேசவில்லை.

போன மாதம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் தங்கினார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஏதாவது படம் போடு என்றார். நான் என்ன போடுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா சமையலறையிலிருந்து வந்து என் காதருகே குனிந்து சொன்னார்: "அதை மட்டும் போட்டுவிடாதே. அதை நான் பார்த்தது போதும்."